பாண்டியன் வேடம் கட்டப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

ஆண்டு விழா நாடகத்தில் தலையாலங்கானத்துச் செருவென்ற (அதாவது அங்கே நடந்த போரில் ஜெயித்த) பாண்டியன் நெடுஞ்செழியனாக நீ நடிக்கப்போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். முறுக்கு மீசையும் பெரிய கிரீடமும் வாடகைக்குச் சொல்லியிருக்கிறதாம். மீசை வேண்டாம் ராசா. இந்த வேடம் கட்டும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அவன் பட்டத்துக்கு வந்தபோது சின்னப் பையன். புறநானூறு 77-ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் அவனை அப்படியே நம் முன்னால் நிறுத்துகிறார். பிள்ளைகள் காலில் போடும் கிண்கிணிச் சதங்கையைக் கழற்றிவிட்டு அந்தக் காலில் வீரக்கழல் கட்டியிருக்கிறான். குடுமியை மழித்த தலையில் வேப்பந்தளிரையும் உழிஞைக் கொடியையும் சேர்த்துச் சூடியிருக்கிறான். சின்ன வளையல்களைக் கழற்றிய கையில் வில். தேரின் முன்பக்கத்து அலங்கார உறுப்பான கொடிஞ்சி பொலிவு பெற நிற்கிறான். 'யார் இவன்? இவன் மாலை வாழ்க!' என்கிறார் புலவர். மார்பில் தார், அதாவது மாலை, போட்டாயிற்று, ஆனால் பிள்ளைகளுக்குக் கட்டும் தாலி கழுத்தில் இன்னும் கிடக்கிறது. பாலை விட்டுச் சோறு உண்டதே இன்றைக்குத்தான்!

திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தையும் சின்னதாகச் செய்து, காப்பாகக் கோத்துக் கட்டுவதுதான் அந்தத் தாலி, ஐம்படைத்தாலி. அட்டையில் வெட்டி மஞ்சள் தாள் ஒட்டி, கறுப்புக் கயிற்றில் கோத்தால் போதும். கிரீடத்தைவிட அதுதான் முக்கியம்.

பால், சோறு எல்லாம் புலவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 'இவன் இளையன்' என்று பகைவர்கள் மனம் நோகப் பேசியதை 72-ஆம் பாட்டில் அவனே சொல்கிறான். சேரன், சோழன், வேளிர் என்னும் குறுநில மன்னர் ஐவர் என்று ஏழு பேர் சேர்ந்து அவன்மேல் வந்தார்கள். ஒருவனை ஏழு பேர் எதிர்த்ததை இதற்கு முன் கேட்டதே இல்லை என்கிறது இன்னொரு பாட்டு. அப்போதுதான் அந்தச் சபதம். இவர்களை வெல்லாவிட்டால், என் குடிமக்கள் 'எங்கள் அரசன் கொடியவன்' என்று கண்ணீர் விடட்டும். மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும்.

பார், தலை போகட்டும் என்றோ நாடு போகட்டும் என்றோ அவன் சொல்லவில்லை. சனங்கள் என்ன சொல்வார்கள், புலவர் பாடுவாரா, கொடுக்கக் கையில் இருக்குமா, இதுதான் கவலை. சங்கரன்கோவில் பக்கத்து மாங்குடிதான் மருதனாரின் ஊர் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அவர் இவனுக்குப் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடி. அதில் இவனை நம் கொற்கை மக்கள் விரும்பும் தலைவன் என்கிறார். கொற்கை அன்று முத்துத் துறை, இன்று கடல் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. லீவு விட்டதும் கூட்டிப் போய் அங்கே உள்ள வன்னி மரத்தைக் காட்டுகிறேன்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். ஜெயித்ததும் நீ வாளைத் தூக்கி 'ஹா ஹா' என்று சிரிப்பதாக இருக்கிறதாம். அதை மட்டும் உங்கள் டீச்சரிடம் கேட்டு மாற்றிவிடு. அந்த 77-ஆம் பாட்டில், எதிர்த்து வந்த வீரர்களைப் பார்த்து அவன் வியக்கவும் இல்லை, இளக்காரமாக நினைக்கவும் இல்லை. வானம் அதிர ஆரவாரம் எழ அவர்களை வீழ்த்தின பிறகும் மகிழவில்லை, பெருமை பேசவும் இல்லை. கிழாரை அசத்தியது அதுதான் என்று நான் நினைக்கிறேன். நீ சிரிக்காமல், கத்தாமல், அந்தத் தாலியோடு சும்மா நின்றாலே போதும்.

வேப்பங்கொழுந்தை அன்றைக்குச் சாயங்காலம் ஒடித்துக்கொள். காலையிலேயே ஒடித்தால் மேடை ஏறுவதற்குள் வாடிவிடும்.

அன்புடன்,
மாமா