லுல்லியின் தடியும் வில்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில் வெர்சாய் அரண்மனை பற்றிய கட்டுரை படித்தேன். கண்ணாடி மண்டபத்துக்கும் தோட்டத்துக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, இசைக்கு ஒரே வரி: தாளம் தட்டிய தடியால் காலைக் குத்திக்கொண்டு இசையமைப்பாளர் லுல்லி இறந்தார். சரி, நடந்ததுதான். 1687 ஜனவரியில், பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி அறுவை சிகிச்சையிலிருந்து தேறியதற்காக நடந்த நன்றி வழிபாட்டு இசையின்போது பட்ட அடி. புண் அழுகியது, காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, மார்ச்சில் போய்விட்டார். அதற்கு முன் முப்பது வருஷத்துக்கும் மேலாக அரசவையில் அவர் என்ன செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. வயலின் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

அரசரிடம் ஏற்கெனவே ‘இருபத்துநான்கு வயலின்கள்’ என்ற குழு இருந்தது. மேல்குரலுக்கு ஆறு, அடிக்குரலுக்கு ஆறு, நடுவில் மூன்று குரல்களுக்குப் பன்னிரண்டு. கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஆளாளுக்குச் சொந்தச் சங்கதிகளைச் சேர்ப்பார்கள். லுல்லிக்கு அது ஆகவில்லை. தனக்கென்று ஒரு சிறிய குழுவைக் கேட்டு வாங்கி, எழுதியதை மட்டும் வாசிக்க வைத்தார். எல்லா வில்லும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏற வேண்டும். இளம் வயதில் பாரிஸில் இந்த முறையைக் கற்ற கியோர்க் முஃபாட் என்ற இசையமைப்பாளர், 1698இல் அதை விதிகளாகவே எழுதி அச்சிட்டார்: ஒவ்வொரு தாளக் கட்டின் முதல் தட்டுக்கும் வில்லைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். என் மாணவர்கள் நான்கு பேரை வரிசையாக உட்காரவைத்து இதை முயன்று பாருங்கள், இரண்டாவது வரியிலேயே ஒரு வில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்.

எல்லோரும் ஒரே வீச்சில் தொடங்கும் அந்த ‘முதல் வில்வீச்சு’ பிறகு பாரிஸ்காரர்களின் பெருமையாகிவிட்டது. 1778இல் பாரிஸின் டியூலரி அரண்மனையில் நடந்த பொதுக் கச்சேரிக்கு சிம்பொனி எழுதிய மோட்சார்ட், ‘மற்ற ஊர்களிலும் ஒன்றாகத்தானே தொடங்குகிறார்கள்’ என்று அப்பாவுக்கு எழுதிக் கேலி செய்தார். அவருக்கு 22 வயது. ஆனாலும் முதல் பகுதியை அப்படித்தான் தொடங்கினார். கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் வேண்டுமென்றே வயலின்களை மட்டும் எட்டுத் தாளக் கட்டுகள் சன்னமாக வாசிக்க விட்டார். அரங்கமே ‘உஷ்’ என்றது. அடுத்த கணம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்க, ஜனங்கள் கைதட்டினார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி