கணக்குல ‘டி’ வாங்குன புள்ளைக்கு யாரும் சொல்லாத விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இருபது வருஷமா உங்க பேப்பர் வாசகன், காலையில பசியாறும்போது பேப்பர் கையில இல்லன்னா எனக்கு டீ எறங்காது. கடிதம் எழுதுறது இதான் மொதல் தடவ, தப்பு இருந்தா திருத்திப் போட்டுக்குங்க. எஸ்.பி.எம்., அதான் மலேசியாவுல பாரம் பைவ் முடிக்கும்போது எழுதுற அரசாங்கப் பரீட்சை, அதோட ரிசல்ட் சீசன் வந்துட்டா போதும், பக்கத்துக்குப் பக்கம் காலேஜ் விளம்பரம், அஞ்சு கிரெடிட் (அஞ்சு பாடத்துல சி, இல்லாட்டி அதுக்கு மேல) இருந்தா போதும், டிகிரிக்கு முன்னாடி ஒரு வருஷம் பவுண்டேஷன் படிப்பு, அப்புறம் நேரா பிசினஸ் டிகிரின்னு. அதப் பாக்கும்போதெல்லாம் வயித்தெரிச்சலா இருக்கு, ஏன்னா அந்த அஞ்சு கிரெடிட் பேச்ச நம்பித்தான் நானும் என் மகளக் கூட்டிகிட்டுப் போனேன்.

2023 ஜூன்ல மகளுக்கு ரிசல்ட் வந்துச்சு. தமிழ்ல ஏ மைனஸ், மலாய் மொழியில பி, மொரல் (நன்னெறி) பி பிளஸ், செஜாரா (வரலாறு) சி பிளஸ், இங்கிலீஷ் சி, அக்கவுண்ட் பாடத்துல பி. கணக்குல டி, சயின்ஸ்ல டி. அக்கவுண்ட்ல பி வாங்குன புள்ள எப்படி கணக்குல டி வாங்குனான்னு எங்கிட்ட கேக்காதீங்க, எனக்கும் இன்னைக்கு வரைக்கும் புரியல, அவளுக்கு டெபிட் கிரெடிட் எழுதுறது புடிக்கும், அல்ஜிப்ரான்னா ஓடிருவா. அவளுக்கு அக்கவுண்டண்ட் ஆகணும்னுதான் ஆச, பாரம் த்ரீ படிக்கும்போதே சொல்லிகிட்டு இருந்தா.

ரிசல்ட் வந்த வாரமே கோலாலம்பூர்ல எஜுகேஷன் பேருக்கு, அதான் காலேஜுங்க கவுண்டர் போடுற கல்விக் கண்காட்சிக்குப் போனோம். பலூன், இலவசப் பை, தண்ணி பாட்டில், ஒவ்வொரு கவுண்டர்லயும் வாங்க வாங்கன்னு. ஒரு கவுண்டர்ல நம்ம பையன் ஒருத்தன் இருந்தான், தமிழ்ல பேசுனதும் எனக்கு நிம்மதியா போச்சு. ரிசல்ட் தாளப் பாத்தான், அங்கிள் ஒன்னும் ப்ராப்ளம் இல்ல, தங்கச்சிக்கு ஆறு கிரெடிட் இருக்கு, அஞ்சு இருந்தாலே பவுண்டேஷன் சேரலாம்னான். அந்த மாசக் கடைசிக்குள்ள பதிஞ்சா 500 வெள்ளி (ரிங்கிட்) கழிவுன்னான். அங்கயே கையெழுத்துப் போட்டேன். அவன் பொய் சொல்லலங்க, அத நான் இப்பவும் ஒத்துக்குறேன், பவுண்டேஷன்ல சேர அஞ்சு கிரெடிட்தான், படிப்புங்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அரசாங்க அமைப்பு எம்.கியூ.ஏ. வெச்சிருக்குற அளவு. ஆனா நான் கேட்டது பவுண்டேஷனப் பத்தி இல்ல, என் மக அக்கவுண்டண்ட் ஆகணும்னுதானே சொன்னேன், அதுக்கு அவன் பதில் சொல்லவே இல்ல, நானும் திருப்பிக் கேக்கல.

ஒரு வருஷம் நல்லாப் படிச்சா. பவுண்டேஷன் முடிக்கும்போது சி.ஜி.பி.ஏ., அதான் மொத்த சராசரி மார்க், 4-க்கு 3.2. டிகிரி பாரம் பூர்த்தி பண்ணி அக்கவுண்டிங்னு டிக் பண்ணிக் குடுத்தா, ரெண்டு வாரம் கழிச்சு லெட்டர் வருது, எஸ்.பி.எம். கணக்குல கிரெடிட் இல்லாததுனால அக்கவுண்டிங்ல எடுக்க முடியாது, பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்ல எடம் தரோம்னு. என் பொண்டாட்டி கேட்டா, ஒரு வருஷம் படிச்சு முடிச்ச பின்னாடி எதுக்கு பழைய தாளத் தோண்டுறாங்கன்னு. நானும் அதே கேள்வியோடதான் ஆபீஸ்ல போய் நின்னேன்.

அங்க ஒரு அம்மா பொறுமையா எடுத்துச் சொன்னாங்க, அத அப்படியே எழுதுறேன், ஏன்னா இதுதான் யாருக்கும் தெரியல. டிகிரியில சேர பவுண்டேஷன் மார்க் மட்டும் போதாது. பிசினஸ் டிகிரிக்கு பவுண்டேஷன்ல குறைஞ்சது 2.00 சி.ஜி.பி.ஏ., அது போக எஸ்.பி.எம்.ல கணக்குலயும் இங்கிலீஷ்லயும் பாஸ். பாஸுன்னா டி, இ வாங்குனாலும் பாஸ்தான். அக்கவுண்டிங் டிகிரின்னா பாஸ் பத்தாது, கணக்குல கிரெடிட் வேணும், அதாவது சி இல்லாட்டி அதுக்கு மேல. டிக்கும் சிக்கும் நடுவுல ஒரு படிதான், அந்த ஒரு படியில என் மகளோட ஆச நின்னு போச்சு.

அப்ப பவுண்டேஷன்ல கணக்கு படிச்சா சரியாப் போயிருமான்னு கேட்டேன். எஸ்.பி.எம்.க்கு சமமாவோ மேலயோ இருக்குற கணக்குப் பாடத்த பவுண்டேஷன்ல எடுத்து நல்ல மார்க் வாங்கியிருந்தா அத ஏத்துக்குற வழி இருக்காம், அது அந்தந்த பல்கலைக்கழகத்தோட முடிவு. ஆனா என் மகளச் சேத்து விட்டது பவுண்டேஷன் இன் ஆர்ட்ஸ். அதுல பிசினஸும் இருக்கு, மாஸ் காமும் இருக்கு, எல்லாத்துக்கும் பொதுவான ஒன்னு. கணக்கு விருப்பப் பாடம். கணக்குக்கு பயந்த புள்ள கணக்க விருப்பப் பாடமா எடுக்குமா? சைக்காலஜி எடுத்துட்டா, ஏ வாங்குனா. அந்த ஏ இங்க சல்லிக்காசுக்கு பிரயோஜனம் இல்ல.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது எதுன்னா, அந்த ஒரு வருஷத்துக்குள்ள தனி வேட்பாளரா எஸ்.பி.எம். கணக்கு பேப்பர மட்டும் திரும்ப எழுதியிருக்கலாம். எட்டு ஒம்போது பாடமும் எழுதணும்னு இல்ல, வேண்டிய பாடத்த மட்டும் எழுதலாம். பரீட்சை கட்டணமும் டியூஷன் காசும் சேந்தா கூட ரெண்டு மாச பெட்ரோல் செலவு வராது. எங்களுக்கு விஷயம் தெரியும்போது அந்த வருஷத்துக்கு பதியிற தேதி தாண்டிருச்சு. இன்னொரு வருஷம் வீட்டுல உக்காரச் சொல்ல மனசு வரல, அவளும் வேணாம்னுட்டா.

அந்த நேரம் சொந்தக்காரங்க சொன்ன ஆறுதல் இருக்கே, பிசினஸ் என்ன அக்கவுண்டிங் என்ன, ரெண்டும் ஒன்னுதானேன்னு. ஒன்னு இல்லங்க. 1967-ஆம் வருஷத்து அக்கவுண்டண்ட்ஸ் சட்டம்னு ஒன்னு இருக்கு, அதுக்குக் கீழ எம்.ஐ.ஏ.ல, அதான் மலேசிய அக்கவுண்டண்ட்ஸ் கழகத்துல, பதிஞ்சாத்தான் இந்த நாட்டுல சார்ட்டட் அக்கவுண்டண்ட்னு போட்டுக்க முடியும், அதுக்கு அங்கீகாரம் உள்ள அக்கவுண்டிங் டிகிரியோ தொழில்முறை பரீட்சையோ வேணும். பிசினஸ் அட்மின் டிகிரிய வெச்சுகிட்டு கம்பெனி அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல வேலைக்குப் போகலாம், ஆனா அந்தப் பேரு வராது. கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்துகிட்டு ரெண்டும் ஒன்னுதான்னு சொல்றவங்க இதத் தெரிஞ்சுகிட்டு சொன்னா நல்லது.

பவுண்டேஷனே வேணாம்னு சொல்ல வரல. ஒரே வருஷத்துல டிகிரிக்குள்ள போயிரலாம், பள்ளிக்கூடத்துலயே படிக்கிற பாரம் சிக்ஸுன்னா ஒன்றரை வருஷம், அதுக்கு எழுதுற எஸ்.டி.பி.எம். பரீட்சை கஷ்டம்னு புள்ளைங்க பயப்படுது, அது நியாயம்தான். ஆனா எஸ்.டி.பி.எம்.க்கு செலவுன்னு பெருசா ஒன்னும் இல்ல, யூ.பி.யூ.ங்குற பொது விண்ணப்ப முறை வழியா அரசாங்க பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போடலாம், கெடாவுல சிந்தோக்ல இருக்குற யூ.யூ.எம். (வட மலேசியப் பல்கலைக்கழகம்) 1984-லயே மேனேஜ்மெண்ட் படிப்புக்குன்னே தொடங்குனது. படிப்பு மார்க்குக்கு 90 பங்கு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 பங்குன்னு கணக்குப் போடுவாங்க, மூயெட் இங்கிலீஷ் பரீட்சையும் எழுதியிருக்கணும். தனியார் காலேஜ்ல பவுண்டேஷன் முடிச்சுட்டு அந்தப் பக்கம் போறது குதிரைக்கொம்பு. எங்க மேஸ்திரி மகன் ஒரு காலேஜ்ல பவுண்டேஷன் முடிச்சுட்டு வேற பல்கலைக்கழகத்துக்கு மாறலாம்னு பாத்தான், அங்க உக்காந்து ஒவ்வொரு பாடமா நோண்டி எடுக்குறாங்க, இதுல என்ன படிச்ச, எத்தன மணி நேரம்னு. எஸ்.டி.பி.எம்.னா நாடு முழுக்க ஒரே பரீட்சை, எங்க போனாலும் தெரியும். பவுண்டேஷன் அப்படி இல்ல, அது அவங்கவங்க வீட்டுச் சமையல், அந்த வீட்டுக்குள்ள சாப்புடுற வரைக்கும் ஒரு கேள்வியும் வராது.

அதே மாதிரி அந்த 2.00-ங்குறது எல்லா எடத்துக்கும்னு நெனச்சுராதீங்க. அது அடிமட்ட அளவுதான். சன்வேயில இருக்குற மோனாஷ், செமினியில இருக்குற நாட்டிங்ஹாம் மாதிரி வெளிநாட்டுக் கிளைங்கள்ல அத விட நல்லாக் கூட கேப்பாங்க, இங்கிலீஷுக்கும் தனியா ஒரு அளவு வெச்சிருப்பாங்க. பவுண்டேஷன் பாஸாயிட்டா எந்தக் கதவும் தொறந்துரும்னு புள்ளைங்க நெனச்சுகிட்டு இருக்கு.

இன்னொன்னு, பவுண்டேஷனுக்கு வெளிய மதிப்பு கம்மி. டிப்ளோமாவுக்கு மூணு கிரெடிட் போதும், ரெண்டு ரெண்டரை வருஷம் ஆகும், ஆனா நடுவுல குடும்பத்துல ஒன்னுன்னா அந்தத் தாள வெச்சு வேலைக்குப் போகலாம், பிறகு வந்து டிகிரி படிக்கும்போது சில பாடத்தக் கழிச்சும் விடுவாங்க. பவுண்டேஷன் முடிச்சுட்டு நின்னா கையில எஸ்.பி.எம். சான்றிதழ்தான். எங்க வீட்டுல அந்த வருஷத்துக்கு பி.டி.பி.டி.என்., அதான் அரசாங்கத்தோட உயர்கல்விக் கடனும் கிடைக்கல, டிகிரிக்குள்ள போன பிறகுதான் வந்துச்சு, பவுண்டேஷனுக்கு 15,000 வெள்ளி கைக்காசு, அதுல பாதி என் மச்சான் குடுத்தது, இன்னும் திருப்பிக் குடுத்து முடியல. டிப்ளோமான்னா கடன் உண்டுன்னு எனக்கு அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிடுறேன். என் மகளோட அந்த ஆறு கிரெடிட்ல ஒன்னு தமிழ். பள்ளிக்கூடத்துல ரொம்பப் பேரு எஸ்.பி.எம்.ல தமிழ் எடுக்காத, மார்க்கு போயிரும், மேல படிக்க உதவாதுன்னு சொல்லித்தான் விடுறாங்க, நம்ம ஆளுங்களே சொல்றாங்க. இவ சனிக்கிழம சனிக்கிழம வகுப்புக்குப் போய் படிச்சா. பவுண்டேஷனுக்கு ஏதாவது அஞ்சு பாடம்னுதான் கேக்குறாங்க, அதுல தமிழும் ஒரு கிரெடிட்தான், இலக்கியம் எடுத்தா அதுவும் ஒன்னு. கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி தமிழ விட்டுட்டு நாலு கிரெடிட்டோட நின்னா. அவ டிப்ளோமாவுக்குப் போனா, இப்ப முடிக்கவே போறா, அது வேற கதை.

இதுக்கெல்லாம் பெத்தவன் நீதான படிச்சுப் பாத்திருக்கணும்னு கேட்டா, கேளுங்க, கேக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து காலேஜ்ல குடுத்த அந்த பளபள விளம்பரப் புஸ்தகத்த எடுத்துப் பாத்தேன், இருபத்தாறாம் பக்கத்துல, இங்கிலீஷ்ல, எறும்பு எழுத்துல எல்லாமே போட்டிருந்துச்சு. நான் பேக்டரியில சூப்பர்வைசர், மெஷின் மேனுவல் வந்தா வரி விடாமப் படிப்பேன், மக விஷயத்துல படிக்கல. அதுக்காக அவங்க செஞ்சது சரின்னு ஆயிருமா? கூட்டு குழம்புன்னு எல்லாத்தையும் எலையில வெச்சுட்டு உப்பு போடலங்குறத மட்டும் பில்லுக்குப் பின்னாடி எழுதி வெச்ச கதைதான்.

பள்ளிக்கூட கவுன்சலர் ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன், நூத்துக்கணக்குல புள்ளைங்களுக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ. ஆனா பேப்பர குறை சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க. ரிசல்ட் வந்த மறுநாள் உங்க பேப்பர்ல பத்து ஏ எடுத்த புள்ளைங்க படம் வரும், கலர்ல, அப்பா அம்மாவோட லட்டு ஊட்டுற மாதிரி. பாக்க சந்தோஷமாத்தான் இருக்கும். 2024-ல பத்து ஏ எடுத்த எல்லாருக்கும் இனம் பாக்காம மெட்ரிகுலேஷன்ல, அதான் அரசாங்கம் நடத்துற பல்கலைக்கழக முன்படிப்புல, எடம்னு பிரதமர் சொன்னப்ப அது மொதல் பக்கத்துல வந்துச்சு, வரணும்தான். ஆனா அந்தப் புள்ளைங்களுக்கு வழி காட்ட ஆளு இருக்கு. அஞ்சு கிரெடிட்டும் ஒரு டியும் வெச்சிருக்குற புள்ளதான் நம்ம வீடுகள்ல பாதி, அதுக்கு உங்க பேப்பர்ல ஒரு மூலை கூட இல்ல, விளம்பரம் மட்டும்தான் அதுகிட்ட பேசுது.

அதனால ஒன்னே ஒன்னு கேக்குறேன். அடுத்த ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு பக்கம் போடுங்க, பிசினஸ், அக்கவுண்டிங், பைனான்ஸ் ஒவ்வொன்னுக்கும் எஸ்.பி.எம்.ல என்ன வேணும், பவுண்டேஷன்ல என்ன வேணும், கணக்கு இல்லன்னா எங்க இடிக்கும்னு தமிழ்ல, பெரிய எழுத்துல. விதிங்க அப்பப்ப மாறும், எம்.கியூ.ஏ.கிட்டயே கேட்டு போடுங்க. படிப்புக்கு அங்கீகாரம் இருக்கான்னு எம்.கியூ.ஏ. வெச்சிருக்குற எம்.கியூ.ஆர். பட்டியல்ல யாரு வேணாலும் போன்லயே தேடிப் பாக்கலாம், அது எப்படின்னு ஒரு படம் போட்டு காட்டுங்க. விளம்பரம் குடுக்குற காலேஜ்கிட்டயும் சொல்லுங்க, பவுண்டேஷனுக்கு அஞ்சு கிரெடிட்னு போடுற அதே எழுத்துல டிகிரிக்கு என்ன வேணும்னு சேத்துப் போடச் சொல்லி. காசு குடுக்குறவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்க யோசிப்பீங்க, எனக்கும் தெரியும். விளம்பரத்துக்குப் பக்கத்துலயே உங்க செலவுல சின்னதா ஒரு கட்டம் கட்டிப் போட்டாலும் சரி.

ரிசல்ட் தாளோட எஜுகேஷன் பேருக்குப் போற அண்ணன்மாருங்க, அக்காமாருங்க, பவுண்டேஷன்ல எடம் கிடைக்குமான்னு கேக்காதீங்க, அது கிடைக்கும். என் புள்ள இந்த டிகிரி படிக்கணும், இந்த ரிசல்ட்டுக்கு அந்த டிகிரியில எடம் உண்டா, இல்லன்னா எந்தப் பாடத்த திரும்ப எழுதணும்னு கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க. ஆர்ட்ஸ் பவுண்டேஷனா பிசினஸ் பவுண்டேஷனா, உள்ள கணக்கு இருக்கான்னும் பாத்துக்குங்க.

மக இப்ப பிசினஸ் அட்மின் ரெண்டாவது வருஷம், ஹியூமன் ரிசோர்ஸ் பக்கம் போறேங்குறா. சந்தோஷமாத்தான் இருக்கா, சிரிச்சுப் பேசுறா. வீட்டுல யாராச்சும் ஆடிட்டர், அக்கவுண்ட்டுன்னு பேச்செடுத்தா மட்டும் போன எடுத்துகிட்டு ரூமுக்குப் போயிருவா. இந்தக் கடிதத்த எழுதிட்டு அவகிட்ட படிச்சுக் காட்டுனேன், ரெண்டு எடத்துல எழுத்துப் பிழை இருக்குன்னு திருத்திக் குடுத்தா, பேரு மட்டும் போட வேணாம்னுட்டா. ஊரு போட்டுக்குங்க.

ஒரு தகப்பன்,
கோலசிலாங்கூர்