ஓடினவருக்கு நேரம் மறக்குமா?

புதுக்கோட்டை
செவ்வாய் இரவு

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "ம்... பார்க்கலாம்மா" என்று மழுப்பிவிட்டேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போடப் போகிறவளுக்கு அது பதிலே இல்லை. "வேட்பாளரோட கொள்கை சரியா இருந்தா போதும்ப்பா, சொந்தக் கதையில் நாலு பொய் விட்டா நமக்கென்ன, யார்தான் விடலை" என்றாய். பேச்சில் எனக்கு ஒழுங்காக வராது. எழுதிவிடுகிறேன்.

போன ஜூனில் டுலூத்தில் ஓடினாயே, அந்த கிராண்ட்மாஸ் மாரத்தானை 1990-ல் பால் ரயன் என்ற இருபது வயதுப் பையனும் ஓடியிருக்கிறான். அந்தப் பையன்தான் 2012-ல் ரிபப்ளிகன் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர். ஒரு ரேடியோ பேட்டியில், மாரத்தான் ஓடியிருக்கிறேன் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டதும், மூன்று மணிக்குள், 2 மணி 50 சொச்சம் என்று சொல்லிவிட்டார். ரன்னர்ஸ் வேர்ல்டு பத்திரிகை பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தது. 4 மணி 1 நிமிடம் 25 விநாடி.

கேட்கிறவர்களுக்கு ஒரு மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் விசிலும் ஸ்டாப்வாட்சுமாக மைதானத்தில் நின்றவனுக்கு அப்படித் தோன்றாது. 400 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு மாரத்தான் ஓடவிட்டால் நூற்றைந்து சுற்றுக்கு மேல் வரும். மூன்று மணியில் முடிக்கிறவன் ஒரு சுற்றை 1 நிமிடம் 42 விநாடியில் ஓட வேண்டும். நாலு மணிக்காரனுக்கு 2 நிமிடம் 17 விநாடி ஆகும். முதல் சுற்று முடியும்போதே நூறு மீட்டர் இடைவெளி. நாலாவது சுற்று முடிவதற்குள் முன்னவன் பின்னால் வந்து இவனைத் தாண்டிப் போயிருப்பான். இதைப் போய் ஒருவன் மாற்றி ஞாபகம் வைத்திருப்பானா? உன்னுடையது 4 மணி 52 நிமிடம் 18 விநாடி. சாயங்காலத்திலிருந்து ராத்திரி பதினொரு மணி வரை நானும் அம்மாவும் போனில் உன் புள்ளி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதினெட்டு விநாடி எனக்கே மறக்கவில்லை.

ஆனால் மாட்டிக்கொண்டதும் ரயன் அடம்பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் வேகமாக ஓடினவன் அண்ணன் டோபின்தான், அவனே மூன்று மணிக்குள் ஓடியதில்லை, தோராயமாகச் சொல்வதென்றால்கூட நாலு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டில் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். துணை ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். அது மாரத்தானால் இல்லை. அதே நாளில் விஸ்கான்சினில் அவர் தொகுதிக்காரர்கள் பிரதிநிதிகள் சபைக்கு அவரை மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். 2015-ல் சபாநாயகரும் ஆனார்.

எதிர்ப்பக்கம், டெமாக்ரடிக் கட்சியிலும் இதே கதைதான். கனெடிகட்டில் ரிச்சர்ட் புளூமந்தால், வியட்நாமில் சேவை செய்ததாகப் பேசியிருந்தார். அவர் அமெரிக்காவுக்குள்ளேயே மரைன் ரிசர்வ் என்ற துணைப்படையில் இருந்தவர் என்று 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைத்தது. நவம்பரில் செனட்டர் ஆகிவிட்டார். பைடன் 1987-ல், சட்டக் கல்லூரியில் வகுப்பின் மேல்பாதியில் தேறினேன் என்றார். உண்மையில் 85 பேரில் 76-வது. அடுத்தவர் பேச்சைத் தன் பேச்சாகப் பேசிய விவகாரமும் சேர்ந்துகொள்ள, அந்த முறை ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலிருந்தே விலகினார். 2020-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்.

நம்ம ஆள் சொன்னால் வாய் தவறிவிட்டது, எதிர்க்கட்சிக்காரன் சொன்னால் பிறவிப் புளுகன். டீக்கடை பெஞ்சில் நான் தினமும் பார்ப்பது அங்கேயும் அப்படியே இருக்கிறது.

அப்போ நான் சொன்னது சரிதானே என்பாய். ஜார்ஜ் சாண்டோஸையும் கொஞ்சம் பார். ரிபப்ளிகன்காரர், 2022-ல் நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தவர். பாரூக் கல்லூரியில் படித்தேன், கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் வேலை பார்த்தேன் என்றார், எதுவும் இல்லை. சரி, சீட்டுக்காகச் சொன்ன பொய், புரிகிறது. படிக்காத அந்தக் கல்லூரியின் வாலிபால் டீமில் தான் பெரிய ஆட்டக்காரன் என்று கட்சியின் மாவட்டத் தலைவரிடம் சொல்லியிருக்கிறாரே, அது எதற்கு? வாலிபாலுக்காக யாராவது ஓட்டுப் போடுவார்களா? உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தேர்தலுக்கு முன்பே சந்தேகப்பட்டு எழுதியது, கண்டுகொள்ள ஆளில்லை. பிறகு, நன்கொடை கொடுத்தவர்களின் கிரெடிட் கார்டிலேயே கை வைத்தது வெளியே வந்தது. 2023 டிசம்பர் 1-ம் தேதி 311-க்கு 114 என்று ஓட்டெடுத்துச் சபையை விட்டே வெளியேற்றினார்கள்.

அதனால் வாலிபால் பொய் சொன்னவர்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. ரயன் அப்படி இல்லை. ஆனால் ஒரு காசு லாபமில்லாத இடத்தில் ஒருவர் பொய் விடுகிறார் என்றால், அந்த இடத்தில் அவருக்கு ஏதோ காயம் இருக்கிறது. கொள்கையை எழுதிக் கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். இது அவர் தானாகச் சொல்வது. மாட்டிய பிறகு தலையைச் சொறிகிறாரா, கேட்டவன் மேல் பாய்கிறாரா என்றும் பார். நான் இருந்தால் அதைத்தான் பார்ப்பேன். அதற்காகவே ஓட்டை மாற்றுவேனா என்று கேட்டால், எல்லாச் சமயமும் மாட்டேன்.

காயம் என்று எப்படித் தெரியும் என்கிறாயா? சொல்கிறேன். ஸ்டேட் மீட்டில் 800 மீட்டரில் மூன்றாவதாக வந்தேன், 2 நிமிடம் 1 விநாடி, மெடல் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நான் ஹீட்ஸோடு, அதாவது தகுதிச் சுற்றோடு வெளியே வந்தவன். எட்டுப் பேரில் ஆறாவது. 2 நிமிடம் 9 விநாடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஸ்டாஃப் ரூமில் சீனியர் ஒருவர் தன் மெடல்களை எண்ணிக்கொண்டிருந்தார். என்னை யாரும் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். அப்புறம் அந்த எட்டு விநாடியைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை. வருஷா வருஷம் பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். ஆறாம் வகுப்பில் 'என் அப்பா' என்று நீ எழுதிய கட்டுரையில் அந்த 2 நிமிடம் 1 விநாடியும் இருந்தது. டீச்சர் பக்கத்தில் ஸ்டார் போட்டிருந்தார்.

'பங்கேற்றமைக்காக' என்று அச்சடித்த சான்றிதழ் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. உன் கட்டுரை நோட்டும் அங்கேதான். ஜனவரியில் வரும்போது இரண்டையும் எடுத்துத் தருகிறேன். அம்மாவுக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை.

மாப்பிள்ளையிடம் மட்டும் நீயே சொல்லிவிடும்மா. போன தடவை வந்தபோது அவரிடம் அதை 1 நிமிடம் 59 விநாடியாகவே ஆக்கிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா