துளசியை மறிக்கச் சொன்னீர்கள்

ஸ்காபரோ,
2025 மார்ச் 9

அன்பின் அம்மா,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. பதில் போடாததற்குப் பனியைச் சாட்டலாம், ஆனால் உண்மையில் பஞ்சிதான். பேக்கரியில் இரவு வேலையும் எடுத்திருக்கிறேன். சும்மா இருந்தால் பொழுது போவதில்லை, அதுதான்.

"அக்காவின் மகள் துளசி தேர்தலுக்கென்று வீடு வீடாகத் திரிகிறாளாம், அவளை மறி" என்று எழுதியிருந்தீர்கள். மறிக்கவில்லை, கூடப் போனேன். பெப்ரவரி 27 மாகாணத் தேர்தல். முழங்காலளவு பனிக்குள் நோட்டீஸோடு நடந்தோம். அவள் பேசியது எங்கள் போரைப் பற்றியில்லை. 2023 ஜூலையில் இங்கே ஓடிய ரயில் தடம் புரண்டு, அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். அதையும் வாடகையையும்தான் பேசினாள்.

ஒரு வாசலில் ஒரு ஆச்சி, "பிள்ளை எந்த ஊர்?" என்றார். இவள் என்னைப் பார்க்கிறாள். கரவெட்டி என்றேன். "கரவெட்டியில் எவடம்?" அவ்வளவுதான், சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய்விட்டோம். ஒடியற்கூழ் தந்தார். நண்டும் பயற்றங்காயும் போட்டு, உங்கள் கைப்பக்குவமேதான். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது நல்லதாய்ப் போயிற்று.

இவளுக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்ததென்று கேட்டேன். 2009 மே 10, எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லி இங்கே கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்த அன்று, ஆறு வயதில் அத்தானின் தோளில் இருந்தாளாம். காரில் இருந்தவர்கள் ஏசியது இன்னும் காதில் கேட்கிறதாம். இரண்டு வருடத்தில் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் எம்பியானபோது, "ரோட்டில் நின்றால் ஏசுவார்கள், வாக்குக் கேட்டால் கதவு திறப்பார்கள்" என்று அக்கா சொன்னாராம். தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவள்தான், ஆனால் தமிழ்ப்பிள்ளை என்பதால்தான் இறங்கினேன் என்கிறாள்.

எனக்கு இங்கே வாக்கில்லை, குடியுரிமை வேண்டும். அங்கே இருந்தது. "ஏன் வம்பு" என்று நீங்கள்தான் என் அடையாள அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். குறையாகச் சொல்லவில்லை அம்மா. ரேடியோவையே மெதுவாக வைத்துக் கேட்ட வீடு எங்களுடையது.

அவள் வாக்குக் கேட்ட ஆள் தோற்றுவிட்டார். இனி மத்திய தேர்தல் வருமாம், அதற்கும் தயாராகிறாள்.

சரி, வளவுக் கதைக்கு வருவோம். சித்தப்பா வேலிக் கதியாலை இந்தப் பக்கம் தள்ளி நட்டால் சண்டை பிடிக்காதீர்கள், முதலில் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். ஓடு மாற்றும் காசைச் சித்திரைக்குள் அனுப்புகிறேன். இந்த மாதம் சின்ன இழுபறி, வேறொன்றுமில்லை. தம்பியின் சோதனை எப்படிப் போகிறது? மாமாவின் மகன் மே மாதம் அங்கே வருகிறான். புழுக்கொடியல் ஒரு பொதி கொடுத்துவிடுங்கள், துளசிக்கும் சேர்த்து.

அன்பு மகன்