சின்னம் வரைந்தபோது யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பற்றிய கட்டுரை இப்படி முடிகிறது: "கலைஞன் கலையோடு நின்றால் போதும், ஆட்சியோடு மல்லுக்கு நிற்பது அவன் வேலையல்ல." எழுதியவர் சின்ன வயதுக்காரராக இருக்கலாம். தாங்கள் எப்படி ஐயா அதை விட்டீர்கள்?

நான் சேலம் குகையில் போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வரும்வரை எலெக்‌ஷன் என்றால் எங்களுக்குத் தீபாவளி. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அம்மாபேட்டை வரை எல்லாக் கட்சிக்கும் சுவர் பிடித்து, வெள்ளையடித்து, சின்னம் வரைந்திருக்கிறேன். கட்டம் போட்டுத் தலைவர்களுக்குக் கட்அவுட் எழுதியிருக்கிறேன். கன்னத்தில் ரோஸ் போதாது என்று வட்டச் செயலாளர் கீழே நின்று திருத்தம் சொல்வார். கலைஞனுக்கு ஏனப்பா அரசியல் என்று அப்போது ஒருவர்கூடக் கேட்டதில்லை. பாக்கிக் கூலியைக் கேட்டால்தான் நான் கலைஞன் என்பது அவர்களுக்கு ஞாபகம் வரும்.

எங்கள் தெருப் பையன் ஒருவனை ஓர் அலுவலகச் சுற்றுச்சுவரில் படம் வரையக் கூப்பிட்டார்கள். மயில், பரதம், ஜல்லிக்கட்டு என்று பட்டியலும் கொடுத்தார்கள். அவன் ஓர் ஏரியை வரைந்து, அதில் சாக்கடை வந்து விழுவதையும் சேர்த்து வரைந்துவிட்டான். மறுநாள் அந்த இடம் மட்டும் வெள்ளை. சாக்கடை இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பையன் ஃப்ளெக்ஸ் கடையில் மவுஸ் பிடிக்கிறான்.

விதையைக் கொட்டி வைப்பதெல்லாம் கலையா என்று கட்டுரையில் ஒரு கேலி வேறு. 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் கொட்டிய அந்தச் சூரியகாந்தி விதைகள் அத்தனையும் பீங்கான். சுமார் 10 கோடி. பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஷென் ஊர்த் தொழிலாளர்கள் 1,600 பேருக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கையால் கோடு இழுத்தது. மாவோவைச் சூரியனாகவும் ஜனங்களை அவர் முகம் பார்க்கும் சூரியகாந்தியாகவும் அங்கே வரைந்த காலம் உண்டல்லவா, அதைத்தான் ஐ வெய்வெய் தரையில் கொட்டினார். இதில் அரசியலைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் சரிந்து செத்த பிள்ளைகளில் 5,000 பேருக்கு மேல் பெயர் திரட்டியவர் அவர். மறு வருஷம் மியூனிக் காட்சிக்கூடத்தின் முகப்பில் 9,000 புத்தகப் பைகளை வைத்து, மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் சொன்னதை எழுதினார்: ஏழு வருஷம் இந்த உலகத்தில் சந்தோஷமாக வாழ்ந்தாள். சுவரெழுத்தில் சோறு தின்றவன் சொல்கிறேன், அப்படி ஒரு வரி எழுத எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. 2011-இல் அவரை 81 நாள் அடைத்து வைத்தார்கள். கட்டுரையில் அதற்கு இடமில்லை. தாடிக்கு இரண்டு வரி இருக்கிறது.

சீனாதானே என்று நாம் சிரிக்கவும் முடியாது. 1987-இல் அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2015-இல் டாஸ்மாக் பாட்டுக்காகப் பாடகர் கோவன், 2017-இல் கார்ட்டூனுக்காக ஓவியர் பாலா கைதானார்கள். பத்திரிகையாளரான தங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஃப்ளெக்ஸால் எங்கள் பிழைப்பு போனதைப் பற்றிப் போன வருஷம் எழுதினேன். போடவில்லை. அந்த வாரம் மாடித்தோட்டத்துக் கத்தரிக்காய் பற்றி இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. நல்ல கத்தரிக்காயாகத்தான் இருந்திருக்கும்.

இதையும் போடாவிட்டால் பரவாயில்லை. படத்துக்குக் கீழே 'ஜப்பானிய ஓவியர்' என்று அச்சாகியிருக்கிறது. அதை மட்டுமாவது அடுத்த வாரம் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
குகை, சேலம்.