பொருள்: லேப்டாப் ஸ்பீக்கர் ஊமையாவது டிரைவர் மென்பொருளின் பிழை, மதர்போர்டு பழுது அல்ல

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கருங்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். லேப்டாப்பில் ஓடுவது நீங்களே போட்டுத் தந்த உபுண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்தான். போன அப்டேட்டுக்கு அப்புறம், ஸ்லீப் போட்டு எழுப்பினால் ஸ்பீக்கர் ஊமை. ஹெட்போனில் மட்டும் சத்தம் வருகிறது. எட்டு முறை போன் செய்துவிட்டேன். எட்டுப் பேரும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, மூடித் திறந்தால் மறுபடி போகிறது என்று நான்தானே முதலில் சொன்னேன்!

உங்கள் கோடெக் (லேப்டாப்பின் ஒலி சிப்) உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் நிலையைக் காட்டும் கோப்பைப் பார்த்தேன். அந்தச் சிப்பில் ஸ்பீக்கருக்கான இணைப்பாகிய 14ஆம் நோடு 'அவுட்' (ஒலியை வெளியே அனுப்புவது) என்றே காட்டுகிறது, ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் ஈஏபிடி என்ற சுவிட்ச் மட்டும் 0, அதாவது அணைந்திருக்கிறது. ஒலி சிப்புக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் எச்டிஏ-வெர்ப் என்ற கருவி மூலம் அந்த நோடுக்கு, ஈஏபிடியைப் போட, 70சி கட்டளையை 2 என்ற மதிப்போடு அனுப்பினேன் (எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்). 'டப்' என்று ஒரு சத்தம், உடனே நாதஸ்வரம் கேட்டது. போர்டு செத்திருந்தால் ஒரு கட்டளைக்கு உயிர் வருமா? எழும்போது டிரைவர் அனுப்ப வேண்டியதை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாகர்கோவில் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சனிக்கிழமை இன்ஜினியர் இருப்பார் என்று வரச் சொன்னதே நீங்கள்தான். கொட்டுகிற மழையில் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, திங்கள்சந்தையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், இன்ஜினியர் திருநெல்வேலியில் இருக்கிறாராம். கவுண்டரில் இருந்தவர் என் தாளைப் படிக்கவே இல்லை. அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார். "நீ என்ன பெரிய இன்ஜினியரா? போர்டு மாத்தணும், இல்லன்னா எடுத்துட்டுப் போ" என்றார். எனக்கு 52 வயது. என் பிள்ளைகள்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பரிசோதனைக் கட்டணம் என்று 590 ரூபாய் வேறு வாங்கினார்கள்; லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆவணி முகூர்த்த சீசன் முழுக்க என் தொழிலே நாசமாகிவிட்டது.

தயவுசெய்து ஸ்லீப்பிலிருந்து எழும்போது அந்தக் கட்டளை போகும்படி டிரைவரைத் திருத்தி அனுப்புங்கள். 590 ரூபாயும் திரும்ப வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவேன், நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். டீக் கறை படிந்த அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது. அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை ஐயா, லேப்டாப் நல்ல லேப்டாப்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கருங்கல்.