பயணத்துக்கு முதல் நாளே பேக்கைப் பிரிச்சுப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்கட மச்சாள்ட மகள் டுபாய்க்கு வேலைக்கு வெளிக்கிட்டா, முதல் தடவை பிளேன் ஏறுற புள்ள, களுவாஞ்சிகுடியில இருந்து வேன் புடிச்சு நாங்க எல்லாரும் ஏயர்போர்ட் வரைக்கும் போனம். மச்சாள் பாத்துப் பாத்துத் தேசிக்காய் ஊறுகாய் போட்டு ஹோர்லிக்ஸ் போத்தல்ல அடைச்சு, மூடிக்கு மேல பொலித்தீன் சுத்தி ரப்பர் பேண்டும் போட்டு, சூட்கேஸ்ல வெச்சா உடைஞ்சிரும் எண்டு கைப்பேக்குல வெச்சுக் குடுத்தா. உள்ளுக்குப் போன புள்ள கொஞ்ச நேரத்தால அழுதுகொண்டு கோல் எடுக்குது, செக்கிங்ல போத்தலை எடுத்துட்டாங்களாம், சூட்கேஸ் அதுக்கு முதலே பெல்ட்ல போயிட்டு, அதுக்குள்ள வைக்கவும் ஏலாது வெளியில நிக்கிற எங்களிட்டத் தரவும் ஏலாது. செக்கிங்ல நிண்டவங்கள்ல நான் பிழை சொல்ல வரல்ல, சட்டம் அது, எங்களுக்கு ஆரும் முதலே சொல்லித்தரல்ல எண்டதுதான் என்ட கவலை.

ஊறுகாய், தயிர், தேன், தலைக்கு வைக்கிற எண்ணெய், பற்பசை எல்லாமே தண்ணிச் சாமான் கணக்குத்தான். 2006ல லண்டன்ல பிளேனுக்குள்ள திரவ வெடிமருந்து கொண்டுபோகப் போட்ட சதி பிடிபட்டதுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது, கைப்பேக்குல 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் ஏலாது, சின்னப் போத்தல்களையும் ஒரு லீற்றர் அளவு ஒட்டுற பேக்குக்குள்ள உள்ளுக்குத் தெரியிற மாதிரி வைக்கணும். கனபேர் பிழை விடுற இடம் என்னெண்டா, 200 மில்லி ஷாம்பு போத்தல்ல அடியில கொஞ்சந்தான் கிடந்தாலும் அது போகாது, பாக்கிறது போத்தல்ட அளவைத்தான். குழந்தைப் பால், குடிக்கிற மருந்துக்கு விலக்கு இரிக்கி, மருந்தெண்டா டொக்டர்ட துண்டும் கையில இரிக்கணும்.

பவர்பேங்க் நேர்மாறு, அது சூட்கேஸ்ல போகவே கூடாது, லித்தியம் பற்றரி சூடேறிப் பத்தினா சாமான் அறைக்குள்ள ஆரும் கிட்டப் போய் அணைக்க ஏலாது, கைப்பேக்குல வெச்சா ஆக்கள் கண்ணுக்கு முன்னால கிடக்கும். அதுல கரண்ட் பிடிக்கிற அளவு 100 வாட் மணிக்குள்ள (Wh) இரிக்கணும், 20000 எம்ஏஎச் (mAh) எண்டு போட்டது 74 வாட் மணிதான் வரும், பிரச்சினை இல்ல. கத்தரிக்கோல், பாக்குவெட்டி, கத்தி சூட்கேஸுக்கு. கசகசா மட்டும் எதுலயும் வேணாம், டுபாய், சவூதியில அது போதைப்பொருள் கணக்கு, சிறைக்கும் போகவேண்டி வரும். அதாலதான் தெரிஞ்ச ஆக்கள் எண்டாலும் பிரிச்சுப் பாக்காத பார்சலை வாங்க வேணாம் எண்டு நான் கெஞ்சிக் கேக்கிறன்.

வெளிநாட்டுக்குப் போற புள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துறவங்களிட்டயும் ஒண்டு கேக்கிறன், பாயில சாமானைப் பரப்பி இது கைப்பேக்குக்கு இது சூட்கேஸுக்கு எண்டு ஒருக்காக் காட்டிக் குடுங்க. ஐயா, நீங்களும் இதைத் தமிழ்ல ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாப் போட்டா நாங்க வெட்டி அலுமாரிக் கதவுல ஒட்டி வைப்பம், மச்சாள்ட அடுத்த மகளும் தை மாசம் போறா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி